மேல்படி இல்லாத ஏணி

கடைவாய்ப் பல் பிடுங்கி இரண்டு நாள்.
மூன்றாவது தலையணை உறையும் நனைந்தபோது
அம்மா சொன்னாள்:
"உனுக்கு ரத்தம் மெலிசுடி, ஜெசிந்தா."
பதிமூன்று வயதிலிருந்து இதே வாக்கியம்.
மாதத்தில் ஒன்பது நாள், சில மாதம் பதினொன்று.
வகுப்பு காலியான பிறகு பெஞ்சைத் துடைத்துவிட்டு
கடைசியாக எழுந்து வருவேன்.
மெலிசு. அவ்வளவுதான்.

ஸ்டான்லியில் நீலமூடிக் குழாயில் எடுத்தார்கள்.
முடிவு வரப் பதினெட்டு நாள்.
டாக்டரம்மா ஒரு படத்தைத் திருப்பிக் காட்டினார்.
இடப்பக்கம் ஊரிலுள்ள எல்லோருக்குமான ஏணி,
வலப்பக்கம் என்னுடையது.
கீழ்ப்படிகள் கறுப்பாய், திடமாய்.
மேல்படிகள் இருக்கவேண்டிய இடத்தில் வெறும் சாம்பல்.
"ரத்தம் மெலிசில்லம்மா. கயிறு குட்டை."

நான் திருவொற்றியூர் யார்டில் கன்டெய்னர் எண்ணுகிறவள்.
கயிறு, கொக்கி, பூட்டு என்றால் எனக்குப் புரியும்.

ரத்தக்குழாயின் உட்சுவரில்
சின்னச் சின்ன உறைகளில் சுருட்டி வைத்திருக்கிறது உடம்பு.
முதலில் இரண்டிரண்டாக வாலோடு வால்,
பிறகு அந்த ஜோடிகள் தலையோடு தலை;
எத்தனை கோக்கிறதோ அத்தனை நீளம்.
வெளியே வந்ததும் அது ஒரு நூல்கண்டு.
கைகளை உள்ளே மடக்கிக்கொண்டு
யாரையும் தொடாமல் போகிற புரதம்.

சுவர் கிழிந்த இடத்தில்
அதன் ஒரு பகுதி நாரைப் பிடித்துக்கொள்ளும்.
மிச்சத்தை ஓட்டம் இழுக்கும்.
இழுக்க இழுக்க விரியும்.
விரிந்தால்தான் கை வெளியே வரும்.
எவ்வளவு வேகமாய் ஓடுகிறதோ
அவ்வளவு உறுதியாய்ப் பிடிக்கிற ஒன்றை
நான் வேறெங்கும் பார்த்ததில்லை
கொருக்குப்பேட்டையில்
நகர்ந்துவிட்ட ரயிலுக்கு ஓடிவருகிறவனை
ஏற்கெனவே தொங்குகிறவன் சட்டையோடு அள்ளுவதைத் தவிர.
அப்படித்தான் தட்டணுக்களை:
பிடித்து, நழுவவிட்டு, மறுபடி பிடித்து,
உருளவைத்து, உட்காரவைக்கும்.
அதற்கப்புறம்தான் வலை வரும், உறைவு வரும்.

எட்டாம் காரணி என்று ஒன்று இருக்கிறதாம்.
தனியே விட்டால் சில மணி நேரம் தாங்காது.
அதையும் இடுப்பில் வைத்துக்கொண்டு அலைகிறது இந்தக் கயிறே.

ரொம்ப நீண்டாலும் ஆபத்து; நல்ல குழாயே அடைத்துக்கொள்ளும்.
அதனால் கூடவே திரிகிறது ஒரு கத்தரி.
விரிந்த இடத்தில் மட்டும் வெட்டும்.
என் கயிற்றில் எங்கோ ஓர் எழுத்து மாறி
மடிப்பு இளகிக் கிடக்கிறது.
காயம் வருமுன்பே கத்தரி வந்துவிடுகிறது.

"வீட்ல வேற யாருக்காவது?"

"இல்ல" என்று சொல்லிவிட்டு
பஸ்ஸில் கல்மண்டபம் தாண்டும்போதுதான்
அப்பாவின் காலர்கள் ஞாபகம் வந்தன.

காசிமேட்டில் ஐஸ்பாறை உடைக்கிறவர்.
வாரத்தில் ஒருநாள் சட்டையில் ரத்தத்தோடு வருவார்.
லாசர் இன்னிக்கும் எவனையோ மொத்திட்டான் என்று
தெரு ஒதுங்கி நிற்கும்.
அம்மா பேசமாட்டாள். சோறு மட்டும் விழும்.
நானும் ஒருமுறை தட்டைத் தள்ளிவிட்டு எழுந்திருக்கிறேன்.
அவர் மறுத்ததே இல்லை.
மூக்கு தானாய் ஒழுகுகிறது என்பதைவிட
சண்டைக்கு ஒரு மரியாதை இருந்தது அங்கே.

இன்று வெள்ளிக்கிழமை, அதே பெஞ்ச்.
இடது கையை நீட்டிவிட்டு
சுவரில் ஒட்டிய கொசு நோட்டீஸைப் படித்தார்.
நர்ஸ் சொன்னார்: "ரெண்டு நிமிசம் அமுக்கிப் பிடிங்க."
நான் பிடித்துக்கொண்டேன்.
இரண்டு, ஐந்து, ஒன்பது.
பஞ்சின் நடுவில் சிவப்பு
ஒரு ரூபாய் அளவில் வந்து யோசித்துக்கொண்டிருந்தது.

"அந்த ஏணியில எத்தினி படி இருக்கணும்?" என்றார்.
எனக்குத் தெரியவில்லை.
கொஞ்சநேரம் கழித்து,
நோட்டீஸைப் பார்த்தபடியே:
"வலைக்கடை ஏசுபாதத்த
நான் அடிக்கவேல்ல, தெரியுமா."

பஞ்சை லேசாய்த் தூக்கிப் பார்த்தேன்.
"பேசாம இரு. இன்னும் அஞ்சு நிமிசம்."